மூங்கில் கூடைக்கு முன்னால் இட்லிக் கொப்பரையைப் பாருங்கள்

இணையக் கடைகளில் 'ஏசியன் குக்கிங் செட்' என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இரண்டடுக்கு மூங்கில் கூடை. பத்து அங்குல விட்டம், பின்னல் மூடி, உள்ளே விரிக்க ஓட்டை போட்ட வட்டக் காகிதம் ஒரு கட்டு, சாப்பிட இரண்டு ஜோடிக் குச்சி. விலை ஆயிரத்தை ஒட்டிக் கொஞ்சம் முன்னே பின்னே. அதற்குக் கீழே 'இதையும் சேர்த்து வாங்குங்கள்' என்று கார்பன் ஸ்டீல் வோக் (சீனக் கடாய்), சோயா சாஸ், ஆய்ஸ்டர் சாஸ், மீன் சாஸ், தாய் கறி பேஸ்ட் என ஒரு வரிசை. எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினால் நாலாயிரத்தைத் தாண்டும். சீன, வியட்நாம், தாய்லாந்து பாணி மீன் சமையலை வீட்டில் செய்ய நினைக்கிற திருநெல்வேலிப் பக்கத்து அடுப்படிக்கு இவற்றில் எது வேண்டும், எது பரணுக்குப் போகும் என்பதுதான் இங்கே பேச்சு. மீனுக்கு மட்டும். மோமோ, பாவ் (சீன ஆவி பன்) அவிப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

எங்கள் தீர்ப்பு இது: பாத்திரத்தில் காசு போடாதீர்கள், பாட்டிலில் போடுங்கள். அவிக்கக் கொப்பரை இருக்கிறது. சுண்ட வைக்க மண்சட்டி இருக்கிறது. தேங்காய்ப்பால் பிழியத் தெரியாத வீடு சொதி வைக்கிற ஊரில் கிடையாது. இங்கே இல்லாதது நல்ல சோயாவும் மீன் சாஸும்தான்.

மூங்கில் கூடை

இதில் குறை மட்டும் இருக்கிறது என்று சொன்னால் அது பொய். பின்னல் மூடி ஆவியைக் கொஞ்சம் உறிஞ்சிக் கொஞ்சம் வெளியே விடும். அதனால் மூடியில் தண்ணீர் கோத்து மீன்மேல் சொட்டாது. அவித்த மீன் சப்பென்று போவதற்கு முதல் காரணமே இந்தச் சொட்டுத் தண்ணீர். அந்த ஒரு விஷயத்தில் மூங்கிலை மிஞ்ச உலோக மூடியால் முடியாது.

மற்றதைப் பாருங்கள். பத்து அங்குலம் என்பது வெளி அளவு. உள்ளே ஒன்பது அங்குலம் இருந்தால் பெரிது. அதற்குள் தட்டு வைக்க வேண்டும், தட்டைச் சுற்றி ஆவி ஏற ஒரு விரற்கடை இடைவெளியும் விட வேண்டும். ஆக, மீன் படுக்க மிஞ்சுவது ஏழரை, எட்டு அங்குலம். அறுநூறு கிராம் கொடுவா ஒரு அடிக்குக் குறையாது. பெட்டியில் போட்டிருக்கும் படத்தில் முழு மீன் வாலோடு படுத்திருக்கிறதே என்று கேட்டால், அது எந்த அளவுக் கூடை என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, கூடை தனியாக நிற்காது. கீழ் விளிம்பு தண்ணீரில் அரை அங்குலம் முங்குகிற மாதிரி, கூடையைவிட இரண்டு அங்குலமாவது அகலமான குழிவுச் சட்டி வேண்டும். பத்து அங்குலக் கூடைக்குப் பன்னிரண்டு அங்குலக் கடாய். தண்ணீர் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் விட முடியாது, விட்டால் கொதித்துத் தட்டில் ஏறும். அந்தக் கொஞ்சத் தண்ணீர் பெரிய தீயில் கால் மணி நேரத்தில் வற்ற ஆரம்பிக்கும். வற்றினால் விளிம்பு கருகும், கருகின வாடை மீனில் ஏறும். இரண்டு அடுக்கிலும் மீன் வைத்தால் மேலடுக்கு வேக இரண்டு மூன்று நிமிடம் பிந்தும். கீழே உள்ளது சக்கையாகும்போதுதான் மேலே உள்ளது சரியாக வரும்.

புதுக் கூடையை ஒரு மணி நேரம் ஊற வைத்து, வெறுமனே கால் மணி நேரம் ஆவி ஏற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் மர வாடை தூக்கலாக இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது, மூங்கில் சோப்பைக் குடித்துவிடும். தட்டு வைத்துத்தான் அவிக்கிறோம் என்றாலும் மீன் ஆவி பின்னலில் ஏறி நிற்கும், பிறகு அதில் கொழுக்கட்டை அவிக்க மனசு வராது. சித்திரை வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் ஒரே வாரத்தில் கரும்பூஞ்சை. மழைக்காலத்தில் அடுக்கைப் பிரித்து, காற்றோட்டமாகத் தொங்க விடுவதைத் தவிர வழியில்லை. வாங்குவதென்றே முடிவு செய்தால் ஓரம் ஆணி அடித்ததை விட்டுவிட்டு, கம்பியாலோ மூங்கில் நாராலோ கட்டினதைப் பாருங்கள். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து ஆணி துருவேறி, அந்த இடத்தில்தான் முதலில் விரிசல் விடும்.

கொப்பரையில் அவிப்பது

இட்லிக் கொப்பரையில் தட்டுகளை எடுத்துவிட்டு அடித் தாங்கியை மட்டும் வையுங்கள். தாங்கி இல்லாத கொப்பரை என்றால் ஒரு சிறிய ஸ்டீல் ஸ்டாண்டு போதும். தண்ணீர் இரண்டு அங்குலம். தட்டு, ஓரம் சற்று உயர்ந்த எவர்சில்வர் தட்டு. பீங்கான் தட்டு பார்க்க அழகு, ஆனால் சூடாக நேரம் எடுப்பதால் மீனின் அடிப்பக்கம் பிந்தி வேகும்.

சொட்டுத் தண்ணீருக்கு மருந்து நம் ஊரிலேயே உண்டு: மூடியைச் சுற்றி இட்லித் துணியைக் கட்டி, முடிச்சை மேலே போடுவது. மூடி நன்றாகக் குவிந்திருந்தால் தண்ணீர் ஓரமாக வழிந்து இறங்கிவிடும், துணி தேவையில்லை. தட்டை மூடிதான் நட்டநடுவில் சொட்டும். துணி கட்டின கொப்பரையையும் மூங்கிலையும் ஒரே மீன், ஒரே கனத் துண்டு வைத்து ஒப்பிட்டால் கொப்பரை ஒன்றிரண்டு நிமிடம் முந்திவிடுகிறது. மூடி இறுக்கம், தண்ணீர் அதிகம், ஆவி வீணாவதில்லை. சதையின் பதத்தில் வித்தியாசம் சொல்ல முடியாது.

முழு மீன் இதிலும் படுக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வழி. மீனைக் குறுக்கே பாதியாக வெட்டித் தலைப்பாதியையும் வால்பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவித்து, பரிமாறும் தட்டில் ஒட்ட வைத்தாற்போல் அடுக்குவது. வெட்டின இடம் வெங்காயத்தாளுக்குள் மறைந்துவிடும். இல்லையென்றால் வாய் அகன்ற சருவத்தில் ஸ்டாண்டு போட்டு நீளத் தட்டு வைப்பது. மூடியாகப் பெரிய தாம்பாளம் சரியாக இருக்கும்.

அளவு அரைக் கிலோவுக்கு. கொடுவா முதல் தேர்வு. தாய்லாந்திலும் சீனத்திலும் ஆவிக்கு எடுக்கிற மீன்களில் இதுவும் ஒன்று. சதை வெள்ளை, கொழுப்பு மிதம், முள் பெரிது. விளைமீனும் நன்றாக வரும். நெய்மீனை ஆவியில் வைக்காதீர்கள், காய்ந்து நார் நாராகப் போகும். அது வறுவலுக்கும் குழம்புக்கும் பிறந்த மீன். சாளை, அயிலையில் எண்ணெய் அதிகம், வாடை மேலோங்கும்.

முள்ளோடு ஒரு அங்குலக் கனத்தில் துண்டு போடச் சொல்லுங்கள். கல் உப்பால் தேய்த்துக் கழுவி, அரை டீஸ்பூன் பொடி உப்பு தடவிப் பத்து நிமிடம் வைத்து, ஊறின தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். இந்த ஒற்றல்தான் பலர் விடுகிற இடம். ஈரத்தோடு வைத்தால் அந்த நீரெல்லாம் தட்டில் தேங்கி, மீன் ஆவியில் வேகாமல் தன் தண்ணீரிலேயே வேகும். மஞ்சள்தூள் வேண்டாம். கை தானாக டப்பாவுக்குப் போகும், தடுத்துக்கொள்ளுங்கள். நிறம் மட்டுமல்ல, அந்த மண்வாசனை இஞ்சியை அமுக்கிவிடும்.

தட்டில் வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டு மூன்றைக் குறுக்கே போட்டு, அதன்மேல் மீன். தண்டு மீனைத் தூக்கிப் பிடிப்பதால் அடியிலும் ஆவி போகும். மேலே மெல்லிசாக அரிந்த இஞ்சி ஐந்தாறு வில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தட்டு உள்ளே போக வேண்டும். பச்சைத் தண்ணீரிலேயே வைத்து அடுப்பைப் பற்ற வைத்தால் மீன் வெதுவெதுப்பில் நின்று சாறு விட்டு இறுகும். பெரிய தீ, ஏழு நிமிடம். அடுப்பை அணைத்து மூடியோடு இரண்டு நிமிடம். முழு மீன், அறுநூறு எழுநூறு கிராம் என்றால் பத்து நிமிடம். ஒரு ஈர்க்கை முள்ளை ஒட்டிக் குத்திப் பார்த்தால் தடையில்லாமல் இறங்க வேண்டும். வெள்ளையாகத் திரிதிரியாக ஏதோ கசிந்து சதைமேல் படிந்திருந்தால் நேரம் கூடிவிட்டது என்று பொருள். அடுத்த தடவை ஒரு நிமிடம் குறையுங்கள், இந்தத் தடவைக்கு ஒன்றும் செய்ய முடியாது.

தட்டில் தேங்கியிருக்கும் சாற்றைக் கொட்டிவிடுங்கள். 'சத்தெல்லாம் அதில்தானே' என்று மனசு கேட்காது, ஆனால் கவிச்சியும் அதில்தான் இருக்கிறது. வெந்த இஞ்சியையும் தண்டையும் எடுத்துப் போட்டுவிட்டு, புதிதாகக் குச்சி குச்சியாக அரிந்த இஞ்சி இரண்டு டேபிள்ஸ்பூன், வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி ஒரு கை. மூன்று டேபிள்ஸ்பூன் கடலெண்ணெயைப் புகை கிளம்பும் வரை காய்ச்சி அதன்மேல் ஊற்ற வேண்டும். சடசடவென்று சத்தம் வராவிட்டால் எண்ணெய் காயவில்லை. செக்கு எண்ணெய் பொங்கி நுரைக்கும், நுரை அடங்கும் வரை பொறுக்க வேண்டும். நல்லெண்ணெய் இதற்குச் சரிவராது. சீனச் சமையலில் சொல்கிற எள் எண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, நிறமும் மணமும் வேறு. அதுவும் கடைசியில் அரை டீஸ்பூன் வாசனைக்குத்தான்.

கடைசியாகச் சோயா: இரண்டு டேபிள்ஸ்பூன் சோயா, இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்நீர், ஒரு டீஸ்பூன் சீனி, கலக்கித் தட்டின் ஓரமாக ஊற்றுங்கள். மீன்மேல் ஊற்றினால் வெள்ளைச் சதை அழுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

சோயா: லேபிளின் பின்பக்கம்

இந்தச் சமையலை ஆக்குவதும் கெடுப்பதும் மேலே சொன்ன அந்த இரண்டு டேபிள்ஸ்பூன். மளிகைக் கடையில் அறுபது எழுபது ரூபாய்க்குக் கிடைக்கிற 'டார்க் சோயா' பாட்டிலைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். தண்ணீர், சர்க்கரை, உப்பு, நிறத்துக்கு கேரமல் (150 என்று தொடங்கும் எண்), புளிப்புக்கு 260, கெடாமலிருக்க 211 என்று பல பாட்டில்களில் இருக்கும். 260 என்பது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் புளிப்பு. ஃபிரைடு ரைஸில், மஞ்சூரியனில் பூண்டும் மிளகாயும் சேர்ந்து அந்தப் புளிப்பை மறைத்துவிடும். அவித்த மீனில் ஒளிய இடமில்லை. ஊறுகாய்த் தண்ணீர் ஊற்றின மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால் மீனைக் குறை சொல்லாதீர்கள்.

தேட வேண்டியது இயற்கையாக நொதிக்க வைத்த சோயா. சோயா மொச்சை, கோதுமை, உப்பு, தண்ணீர், இந்த நாலும்தான் பட்டியலில் இருக்க வேண்டும். கிக்கோமான் அந்த வகை. சீன பிராண்டுகளில் 'லைட் சோயா' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். லைட் என்றால் உப்புக் குறைவு என்று நினைத்து வாங்குகிறார்கள். உண்மை தலைகீழ்: நிறம் வெளிறியது, உப்பு தூக்கல். டார்க் என்பது நிறத்துக்கும் லேசான இனிப்புக்கும். மீனுக்கு லைட் ஒன்று போதும். மளிகைக் கடைப் பாட்டிலைப் போல மூன்று நான்கு மடங்கு விலை. ஆனால் ஒரு தடவைக்கு முப்பது மில்லிதான் செலவு, 150 மில்லி பாட்டிலில் ஐந்து தடவை அவிக்கலாம். திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே வைத்தால் கெடாது, மணம்தான் மங்கும். நம் ஊர் வெயிலுக்கு அது சீக்கிரமே மங்கும்.

ஆய்ஸ்டர் சாஸ் மீனுக்கு வேண்டாம். கீரைக்கும் காளானுக்கும் நல்லது, மீன்மேல் போட்டால் எல்லா மீனும் ஒரே மாதிரி இருக்கும்.

மீன் சாஸும் மண்சட்டியும்

இந்த வரிசையில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். நெத்திலியும் உப்பும் மூன்றுக்கு ஒன்று கணக்கில் அடுக்கி, ஒரு வருடம், சில இடங்களில் அதற்கும் மேல் தொட்டியில் ஊறவிட்டு இறக்கிய சாறு. கருவாட்டுக் குழம்பை மணத்தாலேயே அடையாளம் கண்டு வருகிற ஊரில் இதன் வாடையைப் பற்றி யாரும் முறையிடப் போவதில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து முடிவு கட்டாதீர்கள், சூட்டில் வாடை போய் ருசி நிற்கும்.

லேபிளில் நெத்திலி, உப்பு, அதிகமாகப் போனால் கொஞ்சம் சர்க்கரை. அதற்கு மேல் ஐந்தாறு எண்கள் வரிசை கட்டியிருந்தால் அது நீர்த்த சரக்கு. வியட்நாம் பாட்டில்களில் 30, 35, 40 என்று எண்ணோடு 'N' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். லிட்டருக்கு எத்தனை கிராம் நைட்ரஜன் என்ற கணக்கு அது. எண் ஏற ஏற ருசி அடர்த்தி. ஃபூ குவாக் தீவின் மீன் சாஸுக்கு 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. நம்மிடம் எளிதாகக் கிடைப்பது தாய்லாந்துப் பாட்டில்கள்தான், அவையே போதும். பாளையங்கோட்டையிலும் டவுனிலும் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் இணையம். இணையத்தில் வாங்கினால் கண்ணாடி பாட்டிலைத் தவிர்த்து பிளாஸ்டிக் பாட்டிலைக் கேளுங்கள். வழியில் கசிந்தால் பெட்டியில் கூட வந்த புத்தகம், துணி எல்லாவற்றிலும் வாடை ஏறிவிடும்.

ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் மூன்றரை கிராம் உப்பு இருக்கிறது. அதாவது அரை டீஸ்பூனுக்குக் கூடுதல். பழக்கத்தில் கல் உப்பையும் அள்ளிப் போடுவதுதான் முதல் தடவை செய்கிறவர்களின் பெரிய தவறு.

இதை வைத்துச் செய்ய வேண்டியது வியட்நாமின் சுண்ட வைத்த மீன் குழம்பு, 'கா கோ' என்பார்கள். கருக்கிய சீனி, மீன் சாஸ், இளநீர், மண்சட்டி. சட்டியும் இளநீரும் இங்கே வாசல் வரைக்கும் வரும். மீனோ விரால். வியட்நாமிலும் விரால் குடும்பத்து மீனை இந்தச் சமையலுக்கு எடுக்கிறார்கள். காருகுறிச்சி மண்சட்டி, இரண்டு லிட்டர் அளவு, அடி கனமாக இருப்பதாகத் தட்டிப் பார்த்து எடுங்கள். கணீரென்று ஒலித்தால் விரிசல் இல்லை. ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்து, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் எண்ணெய் தடவி வைத்தால் பழகிவிடும். இதற்கென்று தனிச் சட்டி வையுங்கள். மீன் சாஸ் மண்ணில் இறங்கினால் அதில் வைக்கிற கீரைகூட மீனாக மணக்கும். இண்டக்ஷன் அடுப்பில் மண்சட்டி சூடாகாது, கேஸ் வேண்டும்.

விரால் அரைக் கிலோ. சாம்பலும் கல் உப்பும் போட்டுக் கொழகொழப்புப் போகத் தேய்த்துக் கழுவி, முக்கால் அங்குலத் துண்டு. மீன் சாஸ் இரண்டு டேபிள்ஸ்பூன், இடித்த மிளகு ஒரு டீஸ்பூன், நசுக்கிய சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு நாலு பல், சேர்த்து இருபது நிமிடம். அதற்குள் சீனி இரண்டு டேபிள்ஸ்பூனை ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரோடு சின்ன எவர்சில்வர் பாத்திரத்தில் உருக்குங்கள். மண்சட்டியிலேயே கருக்கினால் தண்ணீர் ஊற்றும்போது சட்டி விண்டுபோகும் அபாயம் உண்டு. பொன்னிறம் போதாது. கட்டன் டீ நிறத்துக்கு வந்து, புகை லேசாக எழும் நேரத்தில் அடுப்பை அணைத்து, கையை எட்டி வைத்து வெந்நீர் இரண்டு டேபிள்ஸ்பூன் விடுங்கள். பொங்கித் தெறிக்கும். முன்னாலேயே நிறுத்தினால் குழம்பு பாயசம் மாதிரி இனிக்கும், அந்த லேசான கசப்புதான் இதற்குச் சாரம். ஒரு நிமிடம் தாண்டினால் முழுக் கசப்பு. கொட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள், சீனிதானே.

மீன், கருக்கிய சீனி, கீறின பச்சை மிளகாய் இரண்டு, வெதுவெதுப்பான இளநீர் முந்நூறு மில்லி, எல்லாம் சட்டியில். வழுக்கை மெல்லிசாகப் பிடித்த காய் எடுங்கள், அதில்தான் இனிப்பு இருக்கும். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைச் சாய்த்து வைத்து நாற்பது நிமிடம். கரண்டி போடாதீர்கள், சட்டியைச் சாய்த்துச் சுழற்றுங்கள். இருபதாம் நிமிடம் துண்டுகளை ஒரு தடவை திருப்பினால் போதும். கடைசியில் ஐந்தாறு டேபிள்ஸ்பூன் சாறுதான் மிஞ்ச வேண்டும், கரண்டியில் ஒட்டுகிற பதம். வற்ற வற்ற உப்பு ஏறும், அதனால்தான் தொடக்கத்தில் இரண்டு டேபிள்ஸ்பூனோடு நிறுத்துவது. ஏறிவிட்டால் தண்ணீர் விடாமல் இளநீர் அரை டம்ளர் விடுங்கள். சுடுசோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற சமாச்சாரம், பிசைந்து சாப்பிடக் குழம்பு கேட்டால் இதில் கிடைக்காது.

கருப்பட்டி போடலாமா என்று கேட்பார்கள். உடன்குடிக் கருப்பட்டி கையில் இருக்கும்போது சீனியை ஏன் கருக்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். முழுக்கக் கருப்பட்டி என்றால் அதன் மணம் மீன் சாஸை மூடிவிடுகிறது, அடியும் சீக்கிரம் பிடிக்கும். கருக்கிய சீனி ஒரு டேபிள்ஸ்பூன், கரைத்து வடிகட்டிய கருப்பட்டி ஒரு டேபிள்ஸ்பூன் என்று பாதிக்குப் பாதி போட்டால் நன்றாக இருக்கிறது. வியட்நாம்காரர் ஒத்துக்கொள்வாரா தெரியாது, சட்டி காலியாகிவிடும்.

தாய் கறி பேஸ்ட், சொதிக்கு நேர் எதிர்

டப்பாவில் வரும் பச்சைக் கறி பேஸ்ட் வாங்கத் தகுந்தது. வீட்டில் அரைக்கலாம் என்று இறங்கினால் முதல் தடங்கல் அரத்தை. தாய்லாந்தில் போடுவது பச்சையான பேரரத்தை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பது காய்ந்த சித்தரத்தை. அதை அரைத்துப் போட்டால் குழம்பு இருமலுக்குக் கஷாயம் வைத்த மாதிரி இருக்கும்.

சொதியில் முதல் பாலைக் கடைசியில் விட்டு, கொதி வராமல் இறக்குவோம், திரியக் கூடாது என்பதற்காக. தாய்க் கறியில் கெட்டிப் பாலைத்தான் முதலில் காய வைக்க வேண்டும், திரிந்து எண்ணெய் பிரிய வேண்டும், அந்த எண்ணெயில்தான் பேஸ்ட் வதங்கும். பாக்கெட் பாலில் அது திரியாதபடி நிலைப்படுத்திகள் சேர்த்திருப்பார்கள். பத்து நிமிடம் காய்ச்சினாலும் எண்ணெய் விடாது, பேஸ்ட் பச்சை வாடையோடு நிற்கும். ஆகவே தேங்காய்ப் பால் டப்பாவை வாங்காதீர்கள், முற்றின தேங்காய் ஒன்று போதும். கெட்டிப் பால் 150 மில்லி, இரண்டாம் பால் 350 மில்லி.

கெட்டிப் பால் ஐந்தாறு நிமிடத்தில் எண்ணெய் விடும். பேஸ்ட் இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டு இரண்டு நிமிடம் வதக்கி, இரண்டாம் பால் விட்டு, ஒரு கைப்பிடிப் பச்சைச் சுண்டைக்காயைக் காம்பு நீக்கி முழுசாகப் போடுங்கள். தாய்லாந்தில் பச்சைக் கறிக்குள் கிடக்கும் பட்டாணி அளவுக் கத்திரிக்காய் வேறொன்றுமில்லை, நம் சுண்டைக்காய்தான். எட்டு நிமிடத்தில் வெந்துவிடும். பிறகு பாறை அல்லது நெய்மீன், அரைக் கிலோ, முள்ளில்லாத பெரிய துண்டு. நாலைந்து நிமிடம், கிளறாமல். பேஸ்டிலேயே உப்பும் இறால் விழுதும் இருப்பதால் மீன் சாஸை ருசி பார்த்தபின் ஒரு டேபிள்ஸ்பூனுக்குள் நிறுத்துங்கள். இலைக்கு நாரத்தை இளந்தளிர் இரண்டு, நடு நரம்பு நீக்கிக் கிள்ளிப் போட்டால், தாய்க் கறியில் போடுகிற காஃபிர் லைம் என்ற எலுமிச்சை வகை இலையின் இடத்தை ஓரளவு நிரப்பும். துளசி போடாதீர்கள், இதற்குப் பொருந்துவது திருநீற்றுப்பச்சிலை. சர்பத்தில் போடுகிற சப்ஜா விதையைத் தொட்டியில் தூவினால் முளைப்பது அதுதான். அதற்குக் காசு கொடுத்து இறக்குமதி இலை வாங்க வேண்டியதில்லை.

அதே மாதிரி டப்பாவில் சிவப்புப் பேஸ்ட் கிடைத்தால் 'ஹோ மோக்' செய்யலாம். வாழையிலையில் அவிக்கிற மீன் பணியாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுவா சதை முந்நூறு கிராம், பாதியை அரைத்து, பாதியைச் சிறு துண்டாக நறுக்கி, பேஸ்ட் இரண்டு டேபிள்ஸ்பூன், கெட்டித் தேங்காய்ப்பால் இருநூறு மில்லி, முட்டை ஒன்று, மீன் சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன். ஒரே பக்கமாகப் பத்து நிமிடம் கலக்கினால் கெட்டிப்படும். இலைக் கிண்ணம் மடிக்கத் தெரியாவிட்டால் கவலையில்லை. இட்லித் தட்டுக் குழிகளில் வாட்டின வாழையிலைத் துண்டைப் பதித்து, குழிக்கு ஒரு கரண்டி. நடுத்தரத் தீயில் பன்னிரண்டு நிமிடம். தீ பெரிதானால் முட்டை பொங்கித் தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்து, தண்ணீர் பிரியும். மூங்கில் கூடையில் இந்தக் குழி கிடையாது, இலைக் கிண்ணம் மடித்தே ஆக வேண்டும்.

வோக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகப் பழகின இரும்புச் சட்டி இருக்கிற வீட்டுக்கு அது தேவைப்படாது. மீன் ஒட்டுவதற்குக் காரணம் சட்டி அல்ல, ஈர மீனும் காயாத சட்டியும். புகை வரக் காய்ந்தபின் எண்ணெய், எண்ணெய் காய்ந்தபின் துடைத்த மீன், அதன்பின் மூன்று நிமிடம் தொடாமலிருப்பது. தானாக விட்டுக்கொடுக்கும்.

எப்போது எந்த மீன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் பெரிய மீன் வரத்து குறைந்து விலை ஏறும். நாட்டுப்படகு கடலுக்குப் போவதால் உவரி, கூத்தங்குழிப் பக்கமிருந்து கரைமீன் கொஞ்சம் வரும், அது காலையிலேயே தீர்ந்துவிடும். அந்த நாட்களில் அவிப்பதற்கு வளர்ப்புக் கொடுவாவை எடுங்கள், விளைமீனைத் தேடி ஐஸில் நாலு நாள் கிடந்ததை வாங்காதீர்கள். செவுள் பழுப்பாகி, கண் உள்வாங்கியதை ஆவியில் வைத்தால் வீடு முழுக்கச் சொல்லிக் கொடுத்துவிடும். கா கோவுக்கு எந்தக் காலமும் ஒன்றுதான், குளத்து விரால் கிடைத்தால் போதும். கட்லாவிலும் செய்யலாம், வயிற்றுப் பகுதியாகப் பார்த்து வாங்கி, சுண்டும் நேரத்தைப் பத்து நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள்.

மீன் சாஸ் முதல் தடவைக்கு 200 மில்லி வாங்கினால் போதும், மேலே சொன்ன அளவில் ஆறேழு சமையலுக்கு வரும். ஊற்றியபின் பாட்டில் வாயைத் துடைத்து மூடுங்கள். இல்லாவிட்டால் உப்புப் பூத்து மூடி பிடித்துக்கொள்ளும், அப்புறம் அதைத் திறக்க இடுக்கி தேட வேண்டியிருக்கும்.